சூடு ஆறும்வரை

கிரிம்ஸ்பி. மார்ச் மாதத்துச் செவ்வாய்.
துறைமுகத்து உப்பை மழை தூக்கிவந்து
பள்ளி ஜன்னலில் அப்பிக்கொண்டிருக்கிறது.
நான் நகராட்சி ஆள்.
கையில் ஒரு சுருள் ஸ்டிக்கர்,
நாலு பத்தி போட்ட தாள்:
பொருள், வயது, நிலை, மதிப்பு.

ஓவிய அறையை மூடுகிறார்கள்.
ஈஸ்டருக்குப் பிறகு இங்கே
கணக்கில் பின்தங்கியவர்களுக்கு இரட்டைப் பயிற்சி.
நல்ல காரியம்தான்.
என் மகனும் கணக்கில் பின்தங்கியவன்.

ஸ்டூல் முப்பத்தொன்று.
பெயின்ட் படியாதது ஒன்றுகூட இல்லை.
நிலை என்ற பத்தியில் 'அழுக்கு' என்று எழுதினேன்,
அடித்துவிட்டு
'புழங்கியது' என்று எழுதினேன்.

மூலையில் சூளை.
ஒட்டிய ஸ்டிக்கர் ஒட்டாமல்
சுருண்டு விழுந்தது.
"நூற்றுத் தொண்ணூறு டிகிரி" என்றார் காஸ்கின்,
இன்னும் பன்னிரண்டு நாளைக்கு மட்டும் ஓவிய ஆசிரியர்.
"நூறுக்குக் கீழே இறங்காமல் திறக்கக் கூடாது.
குளிர்காற்று பட்டால் விரிந்துவிடும்."
எவ்வளவு நேரம் ஆகும்?
"அது சொல்லும்."

எந்த அலுவலகத்திலும்
இப்படி ஒரு பதில் எனக்குக் கிடைத்ததில்லை.
உட்கார்ந்தேன்.

பத்தாம் வகுப்பு வந்தது, ஈரக் கோட்டுகளோடு.
ரூதா என்று ஒருத்தி, லிதுவேனியாக்காரி,
அம்மாவுக்கு மீன் ஃபாக்டரியில் இரவு ஷிப்ட்.
சூளையின் சிவப்பு எண்ணைப்
பந்தயம் கட்டியவள் போலப் பார்த்தாள்.
"இப்போ மணிக்கு இருபத்தஞ்சு இறங்கும்.
போகப் போக மெதுவாகும்.
நேர்கோடு இல்ல சார், வளையும்."
மேசையில் சாக்பீஸால் வளைத்துக் காட்டினாள்.
கணக்கில் என்ன மதிப்பெண் என்று கேட்டேன்.
சிரித்தாள். அதுதான் பதில்.

உடனே ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்:
'ஓவிய வகுப்பு கணக்குக்கும் உதவும்.'
பிறகு வெட்கமாகிவிட்டது.
மீன் நல்ல மீன் என்று நம்ப
அது ஏன் எனக்காக
நடந்து காட்ட வேண்டும்?

கடைசி மணி அடித்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
தொண்ணூற்றெட்டில் திறந்தார்.

மின்கட்டணத்துக்குப் பயந்து
பச்சை மண்ணையும் மெருகிட்டதையும்
ஒரே சூட்டில் வைத்திருந்தார்கள்.
டெகனின் கடல்நாய் தலை சிதறி,
ஒரு காது பக்கத்துக் கோப்பைக்குள் கிடந்தது.
(கடல்நாய்க்குக் காது உண்டா என்று
அங்கே ஒரு சண்டை.)
யாரும் சிவப்பு மையை எடுக்கவில்லை.
அவன் சில்லுகளை உள்ளங்கையில் கூட்டி,
மோந்து பார்த்து,
"ஈரம். காயுமுன்ன அவசரப்பட்டுட்டேன்.
அடுத்த தடவை உள்ளே குடைஞ்சுடுவேன்" என்றான்.

அடுத்த தடவை.
அறையில் எல்லோருக்கும்
எங்கேயாவது பார்க்க வேண்டியிருந்தது.

ரூதாவுடையது ஒரு கையுறை.
கத்திக்குத் தப்ப அம்மா போட்டுக்கொள்வது.
நீலம் பூசினாளாம், பச்சையாக வந்திருக்கிறது.
சூளையைத் தன் மொழியில் திட்டினாள்,
பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்து
"பரவால்ல, இதுதான் அந்தத் தண்ணியோட நிறம்" என்றாள்.
என் கையில் வைத்தாள்.
வேலை முடித்து இப்போதுதான்
யாரோ கழற்றியது போலச் சூடு.

மதிப்பெண் தெரிந்தவர்கள்
என்னை மதிப்புப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.
பதினெட்டு வருஷத்துச் சூளை,
கதவில் துரு.
சந்தையில் நானூறு பவுண்டுக்குப் போகும்.
அது எனக்குத் தெரியும், வேலை அதுதான்.

நாலாவது பத்தியில் எழுதினேன்:
'சூடு ஆறவில்லை. பிறகு வந்து பார்க்கவும்.'

பாதிப் பொய்.
எண் முப்பத்தெட்டைக் காட்டியது,
லேசான காய்ச்சல் அளவு.

ஒரு வாரம் தள்ளிப்போகும். அவ்வளவுதான்.
காஸ்கின் தாளைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.
டெகனைக் கூப்பிட்டு
களிமண் மூட்டையின் கட்டை அவிழ்த்தார்.